ஹிராயாமாவுக்கு எத்தனை மணிக்கு வேலை முடிகிறது?

விம் வெண்டர்ஸின் 'பெர்ஃபெக்ட் டேஸ்' படத்தை நான் முதல் தடவை பார்த்தது பேருந்தில். ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற பேருந்து. விடிகாலை நாலரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, குடிநுழைவில் வரிசை பிடித்து, பாலத்து நெரிசலில் நிற்கிற நேரத்தில் கைப்பேசியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்தேன். இரண்டு மணி நேரப் படத்தை முடிக்க நாலு நாள் ஆனது. நிதானமான வாழ்க்கையைப் பற்றிய படம் என்று ஊரே சொன்ன ஒன்றை இப்படிக் கூறு போட்டுப் பார்த்ததில் இருக்கிற கோமாளித்தனம் எனக்கு அப்போதே தெரிந்தது. ஆனாலும் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதைவிட, பொறாமையாக இருந்தது.

அந்தப் பொறாமையில் சில காரியங்களும் செய்தேன். ஹிராயாமா வேனில் கேசட் கேட்கிறார் என்பதற்காக இணையத்தில் பழைய கேசட் பிளேயர் ஒன்றை 85 வெள்ளிக்கு வாங்கினேன். முதல் நாளே அது நாடாவைத் தின்றுவிட்டது. அவர் செடி வளர்க்கிறாரே என்று நானும் மூன்று தொட்டி வாங்கி வைத்தேன். நாலரைக்குக் கிளம்பி ராத்திரி எட்டரைக்குத் திரும்புகிறவன் வீட்டுச் செடிகளுக்கு என்ன நடக்குமோ அது நடந்தது. 

படம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஹிராயாமா டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் பொதுக் கழிப்பறைகளைக் கழுவுகிறவர். நடுவயதைத் தாண்டியவர். தனியாக இருக்கிறார். காலையில் எழுந்து பாயைச் சுருட்டி வைத்து, செடிகளுக்குத் தண்ணீர் தெளித்து, கதவைத் திறந்ததும் வானத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். கழிப்பறைகளைக் கழுவுகிறார். மதியம் ஒரு கோயில் வளாகத்தில் ரொட்டி தின்றுகொண்டே இலைகளுக்கு ஊடே விழும் வெளிச்சத்தைப் பழைய ஃபிலிம் கேமராவில் ஒரு படம் எடுக்கிறார். வேலை முடிந்ததும் பொதுக் குளியலகம், சுரங்க ரயில் நிலையத்துச் சாப்பாட்டுக் கடை, படுக்கையில் ஒரு புத்தகம். மறுநாளும் இதேதான். கோஜி யாகுஷோவுக்கு 2023ஆம் ஆண்டு கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தால்தான் ஆச்சரியம். ஏறக்குறைய பேசாமலேயே ஒரு மனிதனை இரண்டு மணி நேரம் நம்மோடு உட்கார வைத்துவிடுகிறார். ஹிராயாமா என்ற பெயர் ஓசுவின் படங்களிலிருந்து வந்தது. ஓசுவைத் தேடி டோக்கியோவுக்குப் போய் 1985இல் 'டோக்கியோ-கா' என்ற ஆவணப்படம் எடுத்தவர் வெண்டர்ஸ். அந்தப் பற்று இதிலும் தெரிகிறது.

இந்தப் படத்தைப் பற்றி நம் நண்பர்கள் பேசுவது இரண்டே விதம். ஒரு தரப்பு இதை ஒரு வாழ்க்கைமுறைக் கையேடாக எடுத்துக்கொண்டுவிட்டது. காலைத் தேநீர், மரநிழல், கைப்பேசியைத் தூரமாக வை, இந்தக் கணத்தில் இரு. படத்தின் துண்டுகளுக்குப் பின்னால் மெல்லிய பியானோவை ஓட்டி எத்தனை காணொலிகள் வந்துவிட்டன! இன்னொரு தரப்பு, இது வறுமையை அழகுபடுத்தும் படம், கழிப்பறை கழுவுகிறவன் மரத்தைப் பார்த்துச் சிரித்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்கிறது. நான் முதலில் முதல் கட்சி. கேசட் பிளேயர் கெட்டுப்போன பிறகு இரண்டாவது கட்சி. இப்போது இரண்டு பேருமே படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன், என்னையும் சேர்த்து.

இரண்டாவது கட்சிக்காரர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது என்பதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். படத்தில் வரும் கழிப்பறைகள் சாதாரணக் கழிப்பறைகள் இல்லை. 'தி டோக்கியோ டாய்லெட்' என்ற திட்டத்தில் ஷிபுயாவில் 17 இடங்களில் கட்டப்பட்டவை. ததாவோ ஆண்டோ, கெங்கோ குமா, ஷிகெரு பான் மாதிரி உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்தவை. யோசனை யூனிக்ளோ நிறுவனரின் மகன் கோஜி யானாயுடையது. இந்தக் கழிப்பறைகளை வைத்துக் குறும்படங்கள் எடுத்துத் தரத்தான் வெண்டர்ஸை முதலில் கூப்பிட்டார்கள். அவர்தான் முழுநீளப் படமாக எடுக்கலாம் என்றார். கூட உட்கார்ந்து கதை எழுதிய தகுமா தகாசாகி விளம்பரத் துறைக்காரர். ஆக, படத்தின் வேரில் ஒரு விளம்பரம் இருக்கிறது. இரண்டு மணி நேரமும் கழிப்பறைக்குள் போய்வரும் படத்தில் மலம் என்ற ஒன்று கண்ணில் படுவதே இல்லை.

தமிழில் படிக்கிற நமக்கு இது உறுத்த வேண்டும். ஜப்பானியப் படத்தில் தங்கைக்கு அண்ணனின் வேலை கௌரவக் குறைச்சல், அவ்வளவுதான். நம் மொழியில் இந்த வேலையோடு சாதியும் சேர்ந்து வரும். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படம் 2017இல் வந்தது. மனித மலத்தை மனிதர் அள்ளுவதை இந்தியச் சட்டம் 1993லும் 2013லும் தடை செய்த பிறகும் தமிழ்நாட்டில் யார் அள்ளுகிறார்கள் என்பதை அந்தக் கேமரா முகத்தைத் திருப்பாமல் காட்டியது. பார்த்துவிட்டு என்னால் அன்றைக்குச் சாப்பிட முடியவில்லை. 'பெர்ஃபெக்ட் டேஸ்' பார்த்துவிட்டு யாரும் சாப்பிடாமல் இருந்திருக்க மாட்டார்கள். இந்த வித்தியாசத்தை எந்தக் கலைநயமும் மூடிவிட முடியாது.

ஆனால் அதோடு முடித்துக்கொண்டால் படத்தில் உண்மையிலேயே இருக்கிற ஒன்றைத் தவறவிட்டுவிடுவோம். அது அவர் வேலை செய்யும் வேகம்.

ஹிராயாமா மெதுவாக வேலை செய்கிறவர் இல்லை. அடுத்த முறை பார்க்கும்போது கைகளை மட்டும் கவனியுங்கள். கதவைத் திறந்து குப்பையை எடுத்து, தெளித்து, தேய்த்து, துடைத்து, காகிதச் சுருளை மாட்டி, அடுத்த அறைக்குப் போய்விடுவார். ஒரு அசைவுகூட வீணில்லை. யாராவது அவசரமாக உள்ளே வந்தால் வெளியே போய்ச் சுவரோரம் நின்று மேலே பார்க்கிறார். அவர்கள் போனதும் விட்ட இடத்திலிருந்து கை ஓடுகிறது. படத்தில் மெதுவாக வேலை செய்கிறவன் தகாஷி, கூட வேலை பார்க்கும் பையன். ஒரு கையில் கைப்பேசி, மறு கையில் பிரஷ். எப்படியும் திரும்ப அழுக்காகத்தானே போகுது, எதுக்கு இவ்வளவு என்று கேட்கிறவன் அவன்தான். நிதானத்தின் படம் என்று நாம் கொண்டாடுகிற படத்தில், மந்தமாக இருக்கிறவனுக்குக் கவனம் இல்லை, கவனம் இருக்கிறவன் வேகமாக இருக்கிறான்.

எனக்கு இது புரிந்தது என் பாட்டியை நினைத்தபோதுதான். பாட்டி பால்மரம் வெட்டியவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் பெரட்டு முடிந்து இருட்டோடு நிரையில் நிற்க வேண்டும். ஒரு நாளைக்கு 400, 500 மரம். கத்தி பட்டையில் மெல்லிசாக ஒரு சீவல் எடுக்கணும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரம் காயப்படும், அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், கண்டக்டர் வந்து ஏசுவார். மேலோட்டமாகப் போனால் பால் வராது. அந்தச் சீவலுக்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அதை ஒரு மரத்துக்குச் சில வினாடிகளில் செய்துவிட்டு அடுத்த மரத்துக்கு ஓட வேண்டும். 'இந்தக் கணத்தில் இருப்பது' என்று இன்றைக்குப் பயிலரங்கு வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்களே, அதில் பாட்டி கரைகண்டவர். அது அவருக்கு நிம்மதியைத் தந்ததா? தோட்டத்து நேரம் முழுக்கத் தோட்டத்துடையது. பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்கு வந்தால் விறகு, தண்ணீர், பிள்ளைகள். 

ஆகவே கேள்வி வேகமா நிதானமா என்பதில்லை. வேலை எப்போது முடிகிறது, முடிந்த பிறகு மிஞ்சுகிற நேரம் யாருடையது என்பதுதான். ஹிராயாமாவின் குளியல், சைக்கிள், புத்தகம், குடிக்கிற ஒரு கிளாஸ் எல்லாம் வேலை முடிந்த பிறகு வருபவை. வெளிச்சம் இருக்கும்போதே அவருக்கு வேலை முடிந்துவிடுகிறது. குளியலகம் கதவைத் திறக்கிற நேரத்துக்குச் சரியாக வாசலில் நிற்கிறார். முதல் தடவை நான் ஏங்கிப் போனது அந்தப் பிற்பகல்களுக்காகத்தான், மரநிழலுக்காக இல்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. ஒரு சின்ன விஷயம்: வேலை நாள்களில் அவர் கைக்கடிகாரத்தை வாசல் அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போகிறார், விடுமுறை நாளில் எடுத்துக் கட்டிக்கொள்கிறார். நாமெல்லாம் தலைகீழ்.

இந்தப் படத்தின் மிக முக்கியமான காட்சி எது என்று கேட்டால் எல்லாரும் கடைசிக் காட்சியைச் சொல்வார்கள். நான் ஒரு தொலைபேசிப் பேச்சைச் சொல்வேன். தகாஷி திடீரென்று வேலையை விட்டுவிடுகிறான். அவன் பங்கையும் ஹிராயாமாவே பார்க்க வேண்டியதாகிறது. அன்றைக்குக் குளியல் இல்லை, மரம் இல்லை. இருட்டிவிடுகிறது. அப்போது இந்தச் சாந்தமான மனிதர் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கத்துகிறார், தினமும் இப்படிச் செய்ய என்னால் முடியாது என்று. படம் முழுக்க அவர் குரல் உயர்வது அங்கேதான். ஒரே ஒரு நாள் கூடுதல் வேலை! அத்தனை வருஷத்துச் சாந்தம் ஒரு சாயங்காலத்தில் காலி. அந்தச் சாந்தம் அவருடைய மனப்பக்குவத்தில் மட்டும் நிற்கவில்லை, பணிப்பட்டியலில் இன்னொரு பெயர் இருப்பதிலும் நிற்கிறது என்று வெண்டர்ஸுக்குத் தெரிந்திருக்கிறது. அதை ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அதுதான் எனக்கு வருத்தம். அடுத்து ஒரு பெண் மாற்றாளாக வந்து கச்சிதமாக வேலையைத் தொடங்கிவிடுகிறாள். எல்லாம் பழையபடி.

அம்மாவுக்கு மாற்றாள் வரவில்லை.

அம்மா எங்கள் ஊர்ப் பள்ளி ஒன்றில் கிளீனராக இருந்தார். பள்ளிக்கு நேரடி வேலை இல்லை, குத்தகைக்காரரிடம். முதலில் நாலு பெண்கள். ஒருவர் முட்டிவலி என்று நின்றுவிட்டார், இன்னொருவர் மகள் பிரசவத்துக்குப் போனவர் திரும்பவில்லை. ஆள் வரும், ஆள் வரும் என்று சொல்லிக்கொண்டே ஒன்றரை வருஷம் இரண்டு பேரை வைத்தே ஓட்டினார்கள். சம்பளமும் சில மாசம் பத்துத் தேதி தாண்டித்தான் வரும். மதியம் ஒரு மணிக்கு வந்துகொண்டிருந்தவர் நாலு மணிக்கு வரத் தொடங்கினார். போன் பண்ணிக் கேளுங்களேன் என்று நான் சொன்னதற்கு, "கேட்டா, நீயும் வேணாம்னுருவான். அப்புறம் அந்த அக்கா ஒருத்தியே எல்லாத்தையும் கழுவுவாளா?" என்றார். தனக்காக இல்லை, கூட இருக்கும் அக்காவுக்காக அந்தப் போனைப் பண்ணாமல் இருந்தார். ஹிராயாமாவின் கத்தலைக் கேட்டபோது பேருந்தில் எனக்குக் கண் கலங்கியதற்கு இதுதான் காரணம். பக்கத்துச் சீட்டுப் பையன் என்ன நினைத்தானோ.

ஹிராயாமாவும் அம்மாவும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. தங்கை ஓட்டுநர் வைத்த காரில் வந்து இறங்கும் காட்சியில் அவர் எங்கிருந்து வந்தவர் என்று தெரிந்துவிடுகிறது. நிஜமாகவே கழிப்பறை கழுவுகிறாயா என்று அவள் கேட்க, ஆமாம் என்று தலையாட்டுகிறார். அப்பாவைப் போய்ப் பார்க்கச் சொல்கிறாள், மறுத்துவிடுகிறார். அவளைக் கட்டிப்பிடித்துவிட்டு, கார் போன பிறகு நின்று அழுகிறார். இந்த வாழ்க்கை அவர் ஓடி வந்து ஒளிந்துகொண்ட இடம். அந்த ஒழுங்கு, அந்த மரம், அந்தக் கேசட் எல்லாம் எதையோ கிட்டே வரவிடாமல் பிடித்து வைத்திருக்கிற வேலி. இதைக் கையேடாக எடுத்துக்கொள்கிறவர்கள் இந்த அழுகையை என்ன செய்கிறார்கள் என்று தெரியவில்லை. வெட்டிவிடுகிறார்கள் போல. அந்தக் காணொலிகளில் நான் அதைப் பார்த்ததே இல்லை.

'ஸ்லோ' என்ற சொல்லுக்கே இப்படி ஒரு கதி நேர்ந்திருக்கிறது. 1986இல் ரோம் நகரத்தின் பழைய சதுக்கம் ஒன்றின் அருகே மெக்டோனல்ட்ஸ் கடை திறந்தபோது எதிர்த்துக் கிளம்பியவர்களிலிருந்துதான் கார்லோ பெத்ரினியின் 'ஸ்லோ ஃபூட்' இயக்கம் பிறந்தது. நாலு பேர் கூடிச் சத்தம் போட்டதில் தொடங்கிய சொல். இப்போது அது தனியாளாக அறையில் உட்கார்ந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிற சமாசாரமாகிவிட்டது. அந்த ஒரு நிமிஷத் தொலைபேசிப் பேச்சுதான் இந்தப் படத்தில் அந்தப் பழைய 'ஸ்லோ'வுக்கு மிச்சமிருக்கும் ஒரே இடம்.

பணத்தைப் பற்றியும் ஒரு காட்சி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். தகாஷிக்குக் கையிலிருந்த காசையெல்லாம் கொடுத்துவிட்டு வேனில் எண்ணெய் தீர்ந்து நடுவழியில் நிற்கிறார் ஹிராயாமா. விற்க மாட்டேன் என்று சொன்ன கேசட்டுகளில் ஒன்றை விற்றுத்தான் எண்ணெய் ஊற்றுகிறார். படத்தில் அது ஒரு வேடிக்கை போல வந்து போகிறது. சம்பளத்துக்கு நாலு நாள் முன்னால் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தவர்களுக்கு அந்த இடத்தில் சிரிப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை படத்தை அம்மாவோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தேன், இந்த முறை ஒரே மூச்சில், தொலைக்காட்சியில். எனக்கு உள்ளூர ஓர் ஆசை இருந்தது. அம்மா நெகிழ்ந்து போவார், தன் வாழ்க்கையைப் பற்றி ஏதாவது சொல்வார், நான் எழுதலாம். அப்படி எதுவும் நடக்கவில்லை. சப்டைட்டிலை நான் வாசித்துச் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அதற்கும் தேவை வரவில்லை. அவர்தான் அதிகம் பேசுவதே இல்லையே.

தொடக்கத்திலேயே அம்மா கேட்டார், "யாரு இந்தம்மா?" ஹிராயாமா தினமும் கண் விழிப்பது தெருவில் ஒரு வயதான பெண் துடைப்பத்தால் கூட்டுகிற சத்தத்தில். கடிகாரம் வைத்து எழுவதில்லை என்று நான் அதை ரசித்து, குறிப்பேட்டில்கூட எழுதி வைத்திருந்தேன். கூட்டுகிறவர் யார் என்று யோசிக்கத் தோன்றவில்லை. படமும் அவர் பக்கம் நிற்பதில்லை. "அவனுக்கு முன்னாடி எந்திரிச்சிருக்கே" என்றார் அம்மா.

கழிப்பறைகளைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ சுத்தமா இருக்கு, என்னாத்தக் கழுவுறான்?" என்று சிரித்தார். பூட்டினால் கண்ணாடிச் சுவர் மங்கிவிடும் கழிப்பறையைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்தார். ஹிராயாமா கிண்ணத்தின் அடிப்பக்கம் அழுக்கு இருக்கிறதா என்று சின்னக் கண்ணாடியை நீட்டிப் பார்க்கும் இடத்தில் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கண்ணாடி எதுக்கு? விரல விட்டா தெரியாது?" இதில் ஏளனம் இல்லை. ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரைப் பார்த்துச் சொல்வது. இவரைப் பாவம் என்று எழுத நான் யார் என்று எனக்கு அப்போது தோன்றியது. நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தது வேறு வேறு படம்.

ஓய்வு நேரத்தில் நீங்க எங்கே உட்காருவீங்க, மரம் கிரம் இருந்துச்சா என்று கேட்டுப் பார்த்தேன். சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் ஓர் அங்சானா மரம் இருந்ததாம். அதன் கீழே தே ஓ போத்தலை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் இருப்பார்களாம். என்ன பார்ப்பீங்க என்றேன்.

"என்னாத்தப் பாக்குறது? கால நீட்டி உக்காந்திருப்போம். அக்கா பேசிக்கிட்டே இருப்பா."

தொலைபேசிக் காட்சி வந்தது. "ஏசிட்டானா?" ஆமாம் என்றேன். "ஆள் வந்துச்சா?" வந்துச்சும்மா, இந்தா, இந்தப் பொண்ணுதான் என்று காட்டினேன். "போன் பண்ணதுக்கேவா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிக் காட்சியில் ஹிராயாமா விடிகாலையில் வேனை ஓட்டிக்கொண்டு போகிறார். நீனா சிமோன் பாடுகிறார். முகம் மட்டும்தான், வெகு நேரத்துக்கு. சிரிப்பு வருகிறது, கண்ணில் நீர் முட்டுகிறது, மறுபடி சிரிப்பு. பேருந்தில் பார்த்தபோது இந்த இடத்தில் பாலம் தாண்டி உட்லண்ட்ஸ் வந்துவிட்டிருந்தது, இறங்கி ஓட வேண்டியிருந்ததால் முழுதாகப் பார்க்கவில்லை. இப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். அதை மகிழ்ச்சி என்றோ துக்கம் என்றோ பிரிக்க எனக்குத் தெரியவில்லை. பிரிக்கவிடாமல் வைத்திருப்பதற்காகவே வெண்டர்ஸின் மற்ற குறைகளை மன்னிக்கலாம் என்று பட்டது.

"இவன் மறுபடியும் வேலைக்குத்தான் போறானா?" என்றார் அம்மா.

"ஆமாம்மா."

"எத்தன மணிக்கு முடியும்?"

குளியலகம் திறக்கிற நேரத்துக்கெல்லாம் முடிந்துவிடும் என்றேன்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, துணி எடுக்க வெளியே போனார்.